சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்கள் சீன மருந்து சாப்பிடலாமா?

உங்கள் அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, இப்போது சிறுநீரில் புரதம் போகிறது, யாரோ சீனக் கசாயம் சொன்னார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே பிரச்சினையோடு சிங்கப்பூரில் ஆறு வருடமாகக் காலம் தள்ளுகிறவன்.

எனக்கும் சொன்னார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி விடாப்பிடியாகத் தன் சின்சேயிடம் கூட்டிப்போனார். சீன வைத்தியரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சிறுநீரில் நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. புரதம் போனால் நுரைக்கும். பிறகு ஹுவாங்சி வேர், டான்ஷென், தாஹுவாங் என்று மூலிகைகளைச் சீட்டில் எழுதினார். இந்தத் தாஹுவாங் வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக்கடை ரேவல்சின்னியின் பங்காளி. பேதிக்குக் கொடுப்பது.

இவற்றில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெண்டைக்காயின் உறவுச்செடி ஒன்றின் பூவிலிருந்து செய்த ஹுவாங்குய் கேப்சூலைச் சீனாவில் சிறுநீரக நோய்க்கு முறைப்படி கொடுக்கிறார்கள். லெய்கோங்டெங் என்ற கொடி புரதக் கசிவைக் குறைக்கும். ஆனால் கல்லீரலையும் ஆண்களின் விந்தணுவையும் பதம் பார்க்கும். ஒரு காலத்தில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்க முடியுமா என்றே ஆராய்ந்தார்கள்! ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, சில மாதங்களில் முடிந்தவை. புரதம் குறைந்ததா என்று பார்த்தார்கள். டயாலிசிஸ் தள்ளிப்போனதா என்பதுதானே நமக்கு வேண்டியது?

என்னைப் பயமுறுத்தியது வேறு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸில், உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன. அந்த மாத்திரையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்துவிட்டது. வந்தது அரிஸ்டோலோகியா, நம் ஆடுதின்னாப்பாளையின் இனம். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அப்புறம் 'சியாவ்கே' மாத்திரை. சர்க்கரைக்குச் சீனாவில் பிரபலம். ஒவ்வொன்றிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு, அதாவது நம் ஊரில் சர்க்கரையைக் குறைக்கக் கொடுக்கும் டாவோனில் மருந்து, சேர்த்திருக்கிறார்கள். ஒளிவுமறைவு கிடையாது, முறையாக அனுமதி பெற்றதுதான். ஆனால் வேளைக்குப் பத்து மாத்திரை விழுங்கினால் 2.5 மில்லிகிராம் ஆகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது உடலில் தங்கி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். மூலிகைதானே என்று டாக்டர் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் என்ன ஆகும், யோசியுங்கள்.

சீட்டை என் டாக்டரிடம் காட்டினேன். வேண்டாம் என்றார், கேட்டுக்கொண்டேன். ஆன்ட்டிக்கு இன்றும் வருத்தம்தான். நான் சாப்பிடுவது லோசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும். லோசார்டான் சர்க்கரைச் சிறுநீரகத்துக்கு உதவும் என்று 2001லேயே நிரூபித்துவிட்டார்கள். இரண்டாவதின் மூதாதை ஆப்பிள் மரப்பட்டையில் கிடைத்த ஒரு பொருள், ஆக அதுவும் ஒருவகையில் மூலிகை வம்சம்தான். இந்தியாவில் இப்போது விலையும் குறைந்துவிட்டது. அப்பாவுக்கு இவற்றை எழுதியிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

கசாயம் ஏற்கெனவே குடிக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.