எந்த மழை?

கேள்வி: கவிதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். 'மழை' என்று தலைப்பு கொடுத்து அரை மணி நேரம் தந்தார்கள். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுத, எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. எனக்குக் கவிதை வராதா ஐயா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வரும் தாயி. 'மழை' என்று மொட்டையாகச் சொன்னால் எனக்கும் வராது. என் பட்டறைகளில் தலைப்பே கிடையாது. வீட்டில் புழங்கிய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். போன மாதம் ஒரு அம்மா, இறந்துபோன மாமியாரின் சுருக்குப்பையோடு வந்தார். உள்ளே காய்ந்த பாக்கு, நாலாக மடித்த பஸ் டிக்கெட். வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "அத்தை கடைசியா எந்த ஊருக்குப் போனாங்கன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். "இதையே எழுதுங்கம்மா" என்றேன். எழுதினார். அன்று எனக்குக் கிடைத்த கவிதை அதுதான்.

குறுந்தொகை 40ஆம் பாடலிலும் மழை உண்டு. செம்மண்ணில் விழுந்து, இனிப் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட நீர். பாடியவரின் பெயர் தொலைந்து, அந்த உவமையே 'செம்புலப் பெயல்நீரார்' என்று அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது!

உங்கள் வீட்டு மழை எங்கே விழுகிறது? தகரத்திலா, துவைகல்லிலா? கொடியில் நனைவது யாருடைய துணி? அங்கிருந்து தொடங்குங்கள். அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.