ஒசாமாவின் அண்ணன் பக்ர் பின் லேடன் யார்? தம்பியால் அவர் தொழில் கெட்டதா?

நேரடியாகச் சொன்னால், பெரிதாகக் கெடவில்லை. பக்ரின் தொழில், அப்பா முகமது 1931-ல் தொடங்கிய சவூதி கட்டுமான நிறுவனம். அப்பாவுக்குப் பல மனைவிகள், பிள்ளைகளே ஐம்பதுக்கு மேல்; பக்ரும் ஒசாமாவும் வேறு வேறு தாய்க்குப் பிறந்தவர்கள். மூத்த அண்ணன் சலீம் 1988-ல் அமெரிக்காவில் சிறுவிமான விபத்தில் இறந்த பிறகு பொறுப்பு பக்ரிடம் வந்தது.

1994-ல் ஒசாமாவின் குடியுரிமையை அரசு பறித்தது. குடும்பத்தின் சார்பில் பக்ரே தம்பியைக் கண்டித்து அறிக்கை விட்டார். அது பாசமா பிழைப்பா என்று கேட்டால், இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு. அரச குடும்பத்தின் ஒப்பந்தங்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகும் அவை நிற்கவில்லை. மெக்காவின் 601 மீட்டர் மணிக்கூண்டுக் கோபுரமும் அவர்கள் கட்டியதுதான்.

அடி விழுந்தது வேறு பக்கமிருந்து. 2015 செப்டம்பர் 11 அன்று (தேதியைப் பாருங்கள்!) மெக்கா பெரிய பள்ளிவாசலில் அவர்களுடைய கிரேன் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிய ஒப்பந்தங்களுக்குத் தடை வந்தது. அப்புறம் 2017 நவம்பரில், ஊழல் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கைதுகளில் பக்ரும் சிக்கினார். நிறுவனத்தின் ஒரு பங்கு அரசின் கைக்குப் போனது.