சிறு காணிக்கு எந்த உழவு இயந்திரம்? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காலபோக மழைக்கு முன்னரான மாதங்களில் எனக்கு வந்துசேரும் கேள்விகளில் பெரும்பாலானவை சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரங்களைப் பற்றியவையே. ஏறக்குறைய எல்லோரும் கொம்பனியின் பெயரைக் கேட்டே தொடங்குகிறார்கள். ஆனால் மண் எத்தகையது, எந்தக் கருவியைப் பூட்டப் போகிறோம், பழுதானால் யார் திருத்துவார் என்ற மூன்றும் தெரியாமல் ஒரு பெயரைச் சொல்வது பொறுப்பான பதிலாகாது. இம்முறை தெரிவு செய்த கேள்விகளுக்கு அந்த ஒழுங்கிலேயே பதில் தருகிறேன்.

மல்லாவி வாசகர்: எனக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியும் உள்ளன. குபோட்டா பீ2441, மகிந்திரா ஜீவோ 245 ஆகிய இரண்டையும் பார்த்தேன். இரண்டும் 24 குதிரைவலு என்கிறார்கள். எதை வாங்கலாம் ஐயா?

இரண்டும் நான்கு சில்லும் இழுக்கின்ற இயந்திரங்கள்; வலுவிலும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. வேறுபாடு எஞ்சினில் தொடங்குகிறது. குபோட்டாவுக்கு மூன்று சிலிண்டர்கள், ஜீவோவுக்கு இரண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைந்து ஓடும் என்பதால் நாள் முழுவதும் இருக்கையில் இருப்பவரின் முதுகுக்கு அது நல்லது. எனினும் அதனால் இழுவை கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. குபோட்டாவின் சிறிய எஞ்சினில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. அதனால் சத்தம் குறைவு, ஆனால் குளிர்ந்த எஞ்சினை இயக்குமுன் சூடாக்கும் பிளக்கைச் சிறிது நேரம் இயங்கவிட வேண்டும். ஜீவோவின் பெயரோடு வரும் டி.ஐ. என்ற எழுத்துகள் டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுவதைக் குறிக்கின்றன. இந்த முறை பொதுவாக டீசலைச் சற்றுச் சிக்கனமாக எரிக்கும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இது சின்ன விடயமாகத் தோன்றாது.

அடுத்தது, 24 என்ற எண் எஞ்சினுக்குரியது. ரொட்டவேற்றர் என்ற சுழல் கலப்பையைச் சுழற்றும், இயந்திரத்தின் பின்புறத்திலுள்ள பீ.ரீ.ஓ. தண்டில் அதைவிடக் குறைந்த வலுவே கிடைக்கும், உங்கள் மண்ணைக் கிளறுவதும் அந்தக் குறைந்த வலுதான். இந்தியாவில் விற்கப்படும் உழவு இயந்திரங்களை மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள அரச பரிசோதனை நிறுவனம் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. இலங்கையில் மகா இலுப்பள்ளமவில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முகவரிடம் விளம்பரத் தாளைக் கேட்காமல் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் பீ.ரீ.ஓ. தண்டின் உச்ச வலு, மணித்தியாலத்துக்குச் செலவாகும் டீசல், பின்புறத் தூக்கி தூக்கும் எடை, இயந்திரத்தின் மொத்த எடை ஆகிய நான்கையும் பக்கத்துப் பக்கமாக எழுதி ஒப்பிடுங்கள். வயல் வேலையே அதிகமென்றால் இரண்டில் எடை குறைந்ததை எடுங்கள். பெட்டி பூட்டி நெல்லும் விறகும் மணலும் ஏற்றுவதே அதிகமென்றால் எடை கூடியது பாதுகாப்பானது. பாரமேற்றிய பெட்டி இறக்கத்தில் தள்ளும்போது இலேசான இயந்திரத்தால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

திருத்துவோரைப் பற்றிய கேள்வி இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகையில் ஊர் முழுவதும் ஒரே கிழமையில் விதைக்கும்போது இயந்திரம் நான்கு நாள் நின்றால் அந்தப் போகமே பின்தள்ளப்பட்டுவிடும். ஆகவே முகவரை அழைத்துச் செல்லாமல், நீங்களாகவே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உதிரிப்பாகக் கடைகளுக்குச் சென்று எரிபொருள் வடி, கிளச் தட்டு, முன் அச்சின் சேறு தடுக்கும் சீல், காற்றாடிப் பட்டி ஆகிய நான்கும் இன்றைக்கே கைவசம் உள்ளனவா என்று விசாரியுங்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருகிறோம் என்ற பதிலே எல்லா இடத்திலும் வந்தால், எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் உங்களுக்கு அது பொருந்தாது. இவ்வளவும் சமமாக இருந்தால், மூன்று ஏக்கர் வயலை முன்னிட்டு நான் குபோட்டாவின் பக்கம் சாய்வேன். ஆனால் உங்கள் வயலின் ஈரமான மூலையில் ஓட்டிக் காட்டாத இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். தாங்கியை நிரப்பிவிட்டு ஒரு ஏக்கரை உழுவித்து, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று பார்த்தால், உங்கள் மண்ணில் அதன் டீசல் செலவு எவ்வளவு என்பது கண்முன்னே தெரிந்துவிடும்.

முருங்கன் வாசகர்: கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயல். இரண்டு சில்லு இழுக்கும் இயந்திரம் விலை குறைவாகக் கிடைக்கிறது. போதுமா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் காய்ந்தால் வெடித்து இரும்பாகும், நனைந்தால் சில்லை விடாமல் ஒட்டும். இந்த இரண்டுக்கும் இடையே உழுவதற்கு ஏற்ற பதம் சில நாள்களே நிற்கும். அந்த நாள்களுக்குள் வேலையை முடிக்க வேண்டுமானால் முன் சில்லுகளும் இழுக்க வேண்டும். சேற்று உழவுக்கு உயரமான பட்டிகளைக் கொண்ட வயல் ரயரையோ இரும்புச் சில்லையோ விலைப்பட்டியலில் சேர்த்தே பேசுங்கள். இரும்புச் சில்லோடு வீதியில் ஓட்டக்கூடாது. தார் வீதிக்கு ஏறியதும் முன் சில்லு இழுவையையும் விடுவித்துவிடுங்கள். முன் சில்லுகள் சற்று வேகமாகச் சுழலும்படியே அமைக்கப்பட்டிருப்பதால், கடினமான தரையில் ரயரும் முன் பற்சக்கரங்களும் வீணாகத் தேய்ந்துபோகும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில்லு தாழ்ந்துவிட்டால் பின் சில்லில் மரக்குற்றியைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. சில்லு சுழல முடியாமல் இறுகிய நிலையில் எஞ்சினின் வலு முழுவதும் இயந்திரத்தின் முன்பக்கத்தைத் தூக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் அது பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை அமுக்கிவிடும். பின்னோக்கி எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் சில்லைச் சுற்றி வெட்டிவிட்டு வேறு இயந்திரத்தால் தாழ்வான கொளுவியில் கட்டி இழுப்பியுங்கள். உயர்ந்த வரம்பைக் கடக்கும்போதும் பின்னோக்கி ஏறுவதே பாதுகாப்பு. கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டத்தை நிழலுக்குத் தகரம் போட இடைஞ்சல் என்று கழற்றுவோரிடம், தயவுசெய்து அதைத் திரும்பப் பூட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கராயன் வாசகர்: 24 குதிரைவலு இயந்திரத்துக்கு ஐந்தடி ரொட்டவேற்றர் பூட்டலாமா?

வேண்டாம். மூன்றரை அடி தொடக்கம் நான்கடி வரையே அதற்கு ஏற்றது. ஐந்தடியைப் பூட்டினால் எஞ்சின் திணறும், ஆழம் குறையும், கிளச் தட்டு சீக்கிரம் தேயும். ஒரு மீற்றர் அகலமான கருவி மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் மணித்தியாலத்துக்கு 3,000 சதுர மீற்றர் உழும். திரும்பும் நேரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் எஞ்சுவது 2,400. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர் என்பதால் ஒரு தடவை அடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் வரை ஆகும். சிறு காணிக்கு இந்த வேகம் தாராளம். கருவியை வாங்கும்போது கொளுவும் ஊசியின் தடிப்பையும் பாருங்கள். சிறிய இயந்திரங்களுக்குரிய முதலாம் வகைக் கொளுவியில் கீழ் ஊசி 22 மில்லிமீற்றர், பெரியவற்றுக்குரிய இரண்டாம் வகையில் 28. அயலவரின் கருவியை இரவல் வாங்கிப் பூட்டலாம் என்று எண்ணுவோர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

புதுக்குடியிருப்பு வாசகி: குடும்பப் பொறுப்பு என்னுடையது. இரண்டு ஏக்கர் வயல் உண்டு. லீசிங்கில் சிறிய இயந்திரம் எடுத்து, கூலிக்கு உழுதால் தவணை தானாகக் கட்டுப்படும் என்று முகவர் சொல்கிறார். எடுக்கலாமா?

மேலேயுள்ள கணக்கை உங்கள் காணிக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஏக்கரை இரண்டு தடவை அடித்தாலும் ஒரு போகத்துக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. மற்ற நேரமெல்லாம் அந்த இயந்திரம் பிறர் காணியில் உழைத்தால்தான் தவணை கட்ட முடியும். ஆனால் பிறருக்கும் அதே மழையில், அதே கிழமையில்தான் உழவு வேண்டும். 45 குதிரைவலுப் பெரிய இயந்திரம் வைத்திருப்போரும் அதே காணிகளைத்தான் தேடி வருவார்கள். அகன்ற ரொட்டவேற்றரால் அவர்கள் ஏக்கரை விரைவாக முடித்துவிடுவார்கள் என்பதால் கூலிக் கட்டணத்தில் அவர்களோடு போட்டியிடுவது சிறிய இயந்திரத்துக்குக் கடினம். லீசிங் தவணை மாதந்தோறும் வரும், உழவு வருமானமோ ஆண்டில் இரண்டு முறைதான் வரும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாமல் விதைப்புப் பரப்பைக் குறைக்கும் ஆண்டில் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆகவே இரண்டு ஏக்கரை நம்பி, வீட்டையோ நகையையோ ஈடுவைத்து, தனியாக எடுக்க வேண்டாம் என்று மன்றாடியே சொல்கிறேன். உழவைக் கூலிக்கே விடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவோ கமக்காரர் அமைப்பின் ஊடாகவோ எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, யாருடைய காணி முதலில் என்ற ஒழுங்கையும் பராமரிப்புப் பணத்தையும் எழுத்தில் வைத்து ஓர் இயந்திரம் எடுப்பதானால் அது வேறு கணக்கு. அதற்கு உங்கள் கமநல சேவை நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். தனியாகவே ஒன்று வேண்டுமென்றால், தோட்டத்துக்கும் சிறு பெட்டிக்கும் உதவும், கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரின் கடன்சுமை தாங்கக்கூடியது.

செட்டிகுளம் வாசகர்: உளுந்தும் கச்சானும் செய்கிறேன், பப்பாசித் தோட்டமும் உண்டு. சிறிய நான்கு சில்லா, லான்ட்மாஸ்டரா?

உளுந்துக்கும் கச்சானுக்கும் நிலம் பண்படுத்துவதற்கு இரண்டும் சரி. பப்பாசி வரிசைகளுக்கிடையே புல் அடிப்பதுதான் தீர்மானிக்கிறது. இயந்திரத்தின் வெளி அகலத்தோடு இரண்டு பக்கமும் ஓரடி விட்டுப் பாருங்கள். அவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால் லான்ட்மாஸ்டரே போதும். இனிமேல்தான் நடப்போகிறீர்கள் என்றால் முதலில் இயந்திரத்தைத் தீர்மானித்து, வரிசையை அதற்கேற்ப அளந்து வையுங்கள்.

விசுவமடு வாசகர்: புதிய சிறிய இயந்திரத்தின் விலையைவிடக் குறைவாகப் பழைய மசி பேர்கசன் 135 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஐந்து ஏக்கர் காணி. என்ன சொல்கிறீர்கள்?

1960களின் நடுப்பகுதியில் வெளிவந்த இந்த இயந்திரம் இன்னும் வேலை செய்வதற்குக் காரணம், அதன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சினை நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள் என்பதும், உதிரிப்பாகம் எளிதாகக் கிடைப்பதுமே. மேட்டுக்காணிக்கும் பெட்டி இழுக்கவும் அது உங்களுக்குப் பொருந்தும். ஆழமான சேற்று வயலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பின் சில்லு மட்டுமே இழுக்கும், ஏறக்குறைய ஒன்றரைத் தொன் எடையுள்ள இயந்திரம் தாழும்.

பார்க்கப் போகும்போது அதிகாலையில், உரிமையாளர் எஞ்சினைச் சூடாக்குமுன் போய்ச் சேருங்கள். குளிர்ந்த நிலையில் எப்படி இயங்குகிறது என்பதிலேயே பாதி விடயம் தெரிந்துவிடும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. கியர்ப்பெட்டி ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கனமான கலப்பையைத் தூக்கி அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பின்புறத் தூக்கி தானாக இறங்குகிறதா, உலுக்குகிறதா என்று பாருங்கள். இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே அழுத்துங்கள். சேற்றில் உழைத்த இயந்திரங்களில் பிரேக் உருளைக்குள் மண் சேர்ந்திருக்கும். கடைசியாக, சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இடப்பெயர்வுகளில் பத்திரங்கள் தொலைந்து, பல கை மாறிய இயந்திரங்கள் எங்கள் பகுதியில் உண்டு. பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திடாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

மாங்குளம் வாசகர்: கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணி. காடு மண்டியிருக்கிறது. நேரே இயந்திரத்தை இறக்கலாமா?

கையளிப்புப் பத்திரத்தில் துப்புரவு செய்த எல்லையும் ஆழமும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கிராம அலுவலரோடு நிலத்தில் அடையாளப்படுத்திய பின்னரே இறக்குங்கள். குறித்த ஆழத்தைத் தாண்டிச் சட்டிக் கலப்பையால் ஆழ உழவோ வேர் பிடுங்கவோ வேண்டாம். ஐயத்துக்குரிய எது தென்பட்டாலும் எஞ்சினை நிறுத்தி, வந்த தடத்திலேயே நடந்து வெளியேறி, பொலிஸாருக்கு அறிவியுங்கள். எந்தக் கொம்பனியின் இயந்திரத்துக்கும் இது ஒன்றே விதி.

பரந்தன் வாசகர்: புதிய குபோட்டா எடுத்துவிட்டேன். ஒயில் எந்தக் கடையிலும் வாங்கலாமா?

எஞ்சின் ஒயிலை, கைநூலில் சொன்ன தரத்தில் எந்த நம்பிக்கையான கடையிலும் வாங்கலாம். கியர்ப்பெட்டி ஒயிலில் மட்டும் கவனம் தேவை. அதே ஒயில்தான் பின்புறத் தூக்கியை இயக்குகிறது, உள்ளே நனைந்தபடி இயங்கும் பிரேக்கையும் குளிர்விக்கிறது என்பதால், கைநூல் குறிப்பிடும் யூ.டி.ரி. என்ற குபோட்டாவின் கியர்ப்பெட்டி ஒயில் வகையைத் தவிர்த்துச் சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் தூக்கி மந்தமாகும், பிரேக் சத்தமிடும். முதல் 50 மணித்தியாலம் முடிந்ததும் எஞ்சின் ஒயிலையும் வடியையும் கட்டாயம் மாற்றுங்கள். காலபோகத்தின் நடுவே அந்த எண் வந்தாலும் உழவை ஒரு காலை நிறுத்தி மாற்றிவிடுங்கள்.