பென்டிகோவுக்குக் குடிவருகிறீர்களா? ரயில், பஸ், கடை பற்றிய கேள்வி பதில்

மெல்பர்னிலிருந்து வடமேற்கே சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர் பென்டிகோ. படிக்கவும் வேலைக்கும் இங்கே வரப்போகிறவர்கள் கேட்டதற்கெல்லாம், பல வருடமாக இங்கே குடியிருக்கும் நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மெல்பர்ன் ஏர்போர்ட்டில் இறங்கி பென்டிகோவுக்கு எப்படி வருவது? கையில் இரண்டு பெரிய பெட்டி இருக்கும்.

ஸ்கைபஸ் என்ற ஏர்போர்ட் பஸ் பிடித்து மெல்பர்ன் நகரிலுள்ள சதர்ன் கிராஸ் ஸ்டேஷன் போய், அங்கிருந்து வி/லைன் என்ற வெளியூர் ரயில். ரயிலில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏர்போர்ட்டிலிருந்து நேராக பென்டிகோ வரும் தனியார் பஸ்ஸும் உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் அதிகம். இரண்டு பெட்டி என்றால் முதல் தடவை அதிலேயே வந்துவிடுங்கள். சதர்ன் கிராஸில் பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்பாரம் தேடி ஓடிய அனுபவம் எனக்குப் போதும்.

ரயில் டிக்கெட் விலை அதிகமா?

முன்பு அதிகம். 2023 மார்ச் 31 முதல், மெல்பர்ன் நகருக்குள் ஒரு நாள் சுற்ற என்ன கட்டணமோ அதுதான் இங்கிருந்து போய்வரவும் உச்சவரம்பு. தொடங்கும்போது 9.20 டாலர், பிறகு வருடா வருடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மைக்கி கார்டை (இங்கே பஸ், ரயிலுக்கான பயண அட்டை) ஏறும்போது தொட்ட மாதிரி இறங்கும்போதும் மறக்காமல் தொடுங்கள்.

ரயில் அடிக்கடி தாமதமாகிறதாமே?

ஆகும். 2006 வாக்கில் ரயிலை வேகமாக்கும் திட்டத்தில், வழியிலுள்ள கைன்டன் ஊருக்கும் பென்டிகோவுக்கும் நடுவே இரட்டைப் பாதையின் பெரும்பகுதியை ஒற்றையாக்கிவிட்டார்கள். எதிரே வரும் ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் உங்கள் ரயிலும் நின்று வழிவிடும். வேகத்துக்காகச் செய்த வேலை இப்படி ஆனதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புதான் வரும். தண்டவாள வேலை நடக்கும் வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். இன்டர்வியூ இருந்தால் ஒரு ரயில் முன்னாடியே கிளம்பிவிடுங்கள்.

லட்ரோப் யூனிவர்சிட்டியில் சேர்ந்திருக்கிறேன். கார் இல்லை. எங்கே வீடு பார்க்கலாம்?

கேம்பஸ் இருப்பது ஃப்ளோரா ஹில்லில். டவுனிலிருந்து பஸ் இருக்கிறது, மைக்கியே செல்லும். ஆனால் மாலைக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் குறைந்துவிடும். அதனால் வாடகையைப் பார்க்குமுன் பக்கத்து ஸ்டாப்பின் ஞாயிறு அட்டவணையைப் பாருங்கள். வாரத்துக்கு இருபது டாலர் மிச்சம் என்று நான் ஊரோரம் வீடெடுத்தேன். முதல் ஞாயிறே பால் வாங்க நாற்பது நிமிடம் நடந்தேன்; திரும்பி வரும்போது வெயில் வேறு. மிச்சம் பிடித்ததெல்லாம் ஊபருக்கே போனது.

ஷாப்பிங் சென்டர்கள் எப்படி?

ரயில் ஸ்டேஷனை ஒட்டியே பென்டிகோ மார்க்கெட்பிளேஸ். கார் இல்லாதவர்களுக்கு இதுதான் வசதி. கங்காரு ஃப்ளாட்டில் லான்செல் ஸ்கொயர். கோல்ஸ், உல்வொர்த்ஸ் சூப்பர்மார்க்கெட்டுகள், வீட்டுப் பொருள் விற்கும் கேமார்ட் மூன்றும் ஒரே இடத்தில் என்பதால் வீட்டுச் சாமான் மொத்தமாக வாங்க அங்கே போவோம். டவுனுக்குள் ஹார்க்ரீவ்ஸ் மால். ஆஸ்திரேலியா முழுக்கக் கடை பரப்பிய மையர் 1900இல் முதலில் தொடங்கியது இந்த ஊரில்தான். ஆங்கிலம் அதிகம் தெரியாமல் வந்த யூத இளைஞர் சிட்னி மையர், மூட்டை சுமந்து ஊர் ஊராகத் துணி விற்று முன்னுக்கு வந்தவர். ஒன்று நினைவிருக்கட்டும்: சாதாரண நாளில் பல கடைகள் மாலை ஐந்தரைக்கே ஷட்டரை இறக்கிவிடும். நம் ஊர் மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கடைவீதி போகலாம் என்றால் நடக்காது. சூப்பர்மார்க்கெட் மட்டும் இரவிலும் திறந்திருக்கும்.

இட்லி அரிசி, கறிவேப்பிலை?

இங்கேயும் சின்ன இந்தியக் கடைகள் உண்டு. மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்க நாங்கள் மெல்பர்ன் ரயிலில் சன்ஷைனில் இறங்கி, நகர ரயில் மாறி வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே போவோம். அங்கே பார்க்லி ஸ்ட்ரீட்டில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். இழுத்துப்போகும் டிராலிப் பை அவசியம். அரிசி மூட்டையை அடியில் வையுங்கள், கறிவேப்பிலையை மேலே. ஒருமுறை மாற்றி வைத்து, வீடு வந்தபோது இலையெல்லாம் துவையல்.

அக்கா, ஊர் லைசென்ஸில் ஓட்டலாமா?

ஆறு மாதம் வரை. அதற்குள் இந்த மாநிலமான விக்டோரியாவின் லைசென்ஸுக்கு மாறவேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸ்காரர்கள் பெரும்பாலும் டெஸ்ட் எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டிவரும். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். பொழுது சாயும் நேரத்தில் ஊருக்கு வெளியே மட்டும் மெதுவாகப் போங்கள். கங்காரு ஹார்ன் அடித்துவிட்டுக் குறுக்கே வராது.