சிறுநீரகக் கல் போய்விட்டது, பாக்கி மட்டும் நிற்கிறது

டெக்சாஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்கா வந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன வருடம் சிறுநீரகக் கல் வலி தாங்காமல் நடுராத்திரி எமர்ஜென்சிக்குப் போனேன். ஆஸ்பத்திரி என் கம்பெனி இன்ஷூரன்ஸின் நெட்வொர்க்கில் இருப்பதுதான். அவர்கள் கேட்டதைக் கட்டிவிட்டேன். நடுவில் வீடு மாறினோம். இப்போது கார் லோனுக்குப் போனால், அன்று பார்த்த டாக்டர் குழுவுக்கு 1,380 டாலர் பாக்கி, அதை வசூல் ஏஜென்சியிடம் விட்டுவிட்டார்கள், அது கலெக்‌ஷனில் இருக்கிறது என்கிறார்கள். பழைய முகவரிக்குப் போன கடிதமும் இப்போதுதான் கைக்கு வந்தது. என்னிடம் இருப்பது 500 டாலர் லிமிட்டில் ஒரே கார்டு. வாட்சப் குழுவில் அறிமுகமான ஒருவர் 900 டாலருக்கு கிரெடிட் ரிப்போர்ட்டில் (நம் கடன் வரலாறு) இருக்கிற பாக்கிப் பதிவு எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்கிறார். 200 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பாக்கியைக் கட்டுவதா, அழிப்பதா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இது உங்கள் கடன்தானா என்று முதலில் பாருங்கள். எனக்கென்னவோ முழுத் தொகையும் உங்களுடையது இல்லை என்றுதான் படுகிறது.

இந்த ஊரில் ஆஸ்பத்திரி ஒரு நிறுவனம், அதற்குள் உங்களைப் பார்க்கும் எமர்ஜென்சி டாக்டர்கள் பெரும்பாலும் வேறொரு நிறுவனம். ஓட்டலில் சாப்பிட்டுக் காசு கொடுத்து வந்த பிறகு சட்னி அரைத்தவர் தனியாக பில் அனுப்புகிற கதைதான். இதற்காகவே 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்ற சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எமர்ஜென்சியில் பார்த்த டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே, அதாவது உங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாதவராக இருந்தாலும், நெட்வொர்க் டாக்டராக இருந்தால் உங்கள் பங்கு எவ்வளவோ அதை மட்டும்தான் கேட்கலாம். மீதியை அவரும் இன்ஷூரன்ஸும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பது இன்ஷூரன்ஸ் அனுப்பும் இ.ஓ.பி. (எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்) என்ற விளக்கத் தாளில் இருக்கும். மேலே "இது பில் அல்ல" என்று போட்டிருப்பதால் நம்மவர்கள் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதைவிட முக்கியமான தாள் இல்லை. இன்ஷூரன்ஸ் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் அந்த இரவுக்கான இ.ஓ.பி.யை எடுங்கள். அதில் டாக்டர் குழுவுக்கு நீங்கள் தர வேண்டியது 210 என்று இருந்தால் உங்கள் கடன் 210தான். டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) தீராமல் 1,380ம் உங்கள் தலையில்தான் என்று இருந்தால், சரி, அது உங்கள் கடன்தான். டாக்டர் குழுவின் பெயரில் இ.ஓ.பி.யே இல்லையென்றால் அவர்கள் இன்ஷூரன்ஸுக்கு பில்லே அனுப்பவில்லை என்று அர்த்தம். அதுவும் சகஜம்.

தொகை பொருந்தவில்லையா, கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுதினால், கடனை ஆதாரத்தோடு உறுதிப்படுத்தும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். நாள் தாண்டியிருக்குமோ என்று தயங்காமல் எழுதுங்கள். போனில் மட்டும் பேசாதீர்கள். பேச்சோடு பேச்சாக "மாசம் 50 டாலர் போடுங்களேன்" என்பார்கள், நாமும் மரியாதைக்குச் சரி என்றுவிடுவோம். இதே மறுப்பை இ.ஓ.பி. நகலோடு, கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கிற எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றில் எதிலெல்லாம் இந்தப் பாக்கி பதிவாகியிருக்கிறதோ அதற்கெல்லாம் சர்ட்டிஃபைட் மெயிலில் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குத் தெரியாது. நம் வாழ்க்கையையே அலசுகிற மூன்று கம்பெனிகளுக்குள் ஒரு தப்பைத் திருத்தும் விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. விசாரித்து முடிக்கப் பொதுவாக 30 நாள்.

உண்மையாகவே உங்கள் கடன் என்று தெரிந்தால் கட்டிவிடுங்கள். கட்டித் தீர்த்த மருத்துவக் கலெக்‌ஷனை 2022 ஜூலையிலிருந்து இந்த மூன்று நிறுவனங்களும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுகின்றன. கட்டாத பாக்கியையும் ஒரு வருடம் கழித்துத்தான் காட்டலாம். 2023 ஏப்ரலிலிருந்து 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கலெக்‌ஷன்கள் ரிப்போர்ட்டில் வருவதே இல்லை. ஆனால் அந்த 500 முதலில் பதிவான தொகை. 1,380ல் 900 கட்டி 480 ஆக்கினால் மறைந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். மருத்துவக் கடனையே ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. ஜூலையில் உங்கள் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றமே அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. என்னத்தைச் சொல்ல.

இதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். மேலே சொன்ன சலுகையெல்லாம் மருத்துவக் கடனுக்குத்தான். டாக்டர் பில்லைக் கிரெடிட் கார்டில் தேய்த்த நிமிஷமே அது கார்டு கடன் ஆகிவிடுகிறது. ஒரு வருட அவகாசம் போச்சு, 500 டாலர் விலக்கு போச்சு, கட்டினால் அழியும் என்பதும் போச்சு. ஆஸ்பத்திரி கவுன்டரில் "இந்த மெடிக்கல் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு மாசம் வட்டி இல்லை" என்று நீட்டுகிறார்களே, அதுவும் கார்டுதான். பெயரில் மெடிக்கல் இருப்பதால் கடன் மருத்துவக் கடன் ஆகாது. மாதக் கடைசிக்குள் முழுசாக அடைத்துவிடுவேன் என்பவர் தேய்க்கட்டும். மற்றவர்கள் ஆஸ்பத்திரியிடமே வட்டியில்லாத தவணை கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

கிரெடிட்டை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. ஊரில் சிபில் 800 இருந்தாலும் இங்குள்ள அந்த மூன்று ரிப்போர்ட் கம்பெனிகளுக்கும் அது தெரியாது. 500 லிமிட்டில் 450 செலவு செய்தால், நீங்கள் முழுசாகக் கட்டினாலும் ஸ்டேட்மென்ட் தேதியில் 450 நிற்பதுதான் அவர்கள் கண்ணில் படும். ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே கட்டி 50க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் யூனியனில் டெபாசிட் போட்டு ஒரு செக்யூர்டு கார்டு எடுங்கள். புதுக் கணக்கு ஸ்கோருக்கு வலுச் சேர்க்க ஆறு மாதமாவது பிடிக்கும். மறுப்புக்குப் பதில் வரும் வரை கார் லோனைத் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள்.

அப்புறம், அந்த வாட்சப் ஆசாமி. இவர்கள் செய்வது, எல்லாப் பதிவையும் "என்னுடையது இல்லை" என்று கத்தையாக மறுப்பது. விசாரணை நடக்கும்போது சில பதிவுகள் தற்காலிகமாக மறையும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டிக் காசு வாங்குவார்கள். அடுத்த மாதம் எல்லாம் திரும்பி வந்து உட்காரும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதிலாக 'சி.பி.என்.' என்று ஒரு புது எண் வாங்கித் தருகிறேன் என்றால் அந்த நிமிஷமே பிளாக் செய்யுங்கள். கடன் பாக்கி குற்றம் இல்லை. லோன் விண்ணப்பத்தில் பொய் எண் எழுதுவது மத்தியச் சட்டப்படி குற்றம், விசாவில் இருப்பவர் அதன் பக்கமே போகக் கூடாது.

கிரெடிட் ரிப்பேர் செய்பவர் வேலையை முடிக்காமல் பணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. எழுத்தில் ஒப்பந்தம் தந்திருக்க வேண்டும், கையெழுத்திட்டு மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் நீங்கள் ரத்து செய்யலாம். உங்களிடம் ஒப்பந்தமே இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். 200 டாலரைத் திருப்பித் தரும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரம் பாருங்கள். வரவில்லையென்றால் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் தளத்தில் நுகர்வோர் புகார்ப் படிவம் இருக்கிறது, வாட்சப் உரையாடலை அப்படியே இணைத்து அனுப்புங்கள்.