பள்ளத்தில் விழுந்தால் திரும்பும் ஸ்டீயரிங்

கேள்வி: 1984 டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர்வீல் பிக்கப். லீஃப் ஸ்பிரிங் மாற்றி 4 அங்குலம் உயர்த்தினேன். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. அலைன்மென்ட் பார்த்தும் பயனில்லை.

பதில்: அலைன்மென்ட்டால் இது தீராது. இந்த மாடலில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து (ஸ்டீயரிங் சுழற்சியை ராடுக்குக் கடத்தும் கியர் பெட்டி) முன் ஆக்ஸிலுக்குப் போகும் ராடு முன்பின்னாக ஓடுகிறது. வண்டி உயர்ந்ததும் அதன் சரிவு கூடிவிடும்; ஆக்ஸில் எழும்பும்போதெல்லாம் சக்கரத்தைத் திருப்பும். 1986–95 காலத்து, முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் (IFS) கொண்ட ஃபோர்வீல் ஹைலக்ஸின் பாக்ஸைப் பொருத்தி, ராடைக் குறுக்காக ஓட்டும் கிராஸோவர் கிட் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. செலவு கொஞ்சம் கடிக்கும்.

முதலில், சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டட்டும். கீழே படுத்து டை ராடு எண்டுகளில் (ஸ்டீயரிங் ராடுகளின் முனை மூட்டுகள்) ஆட்டம் உண்டா, பாக்ஸ் போல்ட்டைச் சுற்றிச் சேஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) விரிசல் உண்டா என்று பாருங்கள். பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை இறுக்கி ஆட்டத்தை மறைக்கவே வேண்டாம்; அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவில் திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.