கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி வேண்டாமா?

கேள்வி: 12 வது வயதில் இருக்கும் என் மகன் கிளப் கால்பந்து அணியில் கோல்கீப்பர். மற்றவர்களுக்குப் பாஸிங், டிரிப்ளிங் (பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடுவது) சொல்லித் தரும் கோச், கடைசியில் எல்லோரும் கோலை நோக்கி அடிக்கும் ஷூட்டிங்குக்கு மட்டும் இவனை நிறுத்துகிறார். இது போதுமா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: போதாதம்மா. வரிசையில் நின்று அடிப்பது அடிப்பவர்களுக்கான பயிற்சி. கீப்பர் எழுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடுவதால், கால் நிலை கெட்டுத் தப்பான பழக்கம் ஊறிவிடும். தினமும் முதல் 20 நிமிடத்தை அவனுக்கென்று கேட்டு வாங்குங்கள். பந்து போட ஓர் ஆள் போதும்.

முதலில் பிடித்தல். நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் நெருங்க வேண்டும், தரையோடு வந்தால் சுண்டுவிரல்கள். அடுத்து டைவ். நம் பக்கத்து மைதானம் பெரும்பாலும் கட்டாந்தரை. எடுத்த எடுப்பில் நின்றபடி பாயவிட்டால் இடுப்பில் அடிபடும், பிறகு பந்தைக் கண்டாலே பயம் வரும். உட்கார்ந்து, முழங்காலிட்டு, குந்தி, அப்புறம்தான் நின்று. வாரக்கணக்கில் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள். முழங்கை ஊன்றாமல் உடம்பின் பக்கவாட்டில் விழ வேண்டும். மணல் கிடைத்தால் அங்கேயே தொடங்கலாம்.

சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை 1992 முதல் கீப்பர் கையால் தொடக் கூடாது. அதனால் பாஸிங்கிலும் அவனைச் சேர்க்கும்படி கோச்சிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.